நெவ் மாமா நம்பக் கூடாது

கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை, ஹேல்டன்ஷாவில் பாதி ஊர் வீவர்ஸ் பப்பின் பின்னறையில் இருக்கும். மீதிப் பாதி இடமில்லாமல் வாசலில் மழையில் நிற்கும். ஒவ்வொருவராக எழுந்து, எங்கள் டிவிஷனிலிருந்து இந்த வருஷம் கீழே விழப்போகிற இரண்டு அணிகளின் பெயரைச் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு அணிகளில் கடைசி இரண்டு. சொன்னதும் அறை கைதட்டும், அல்லது ஊளையிடும். மே மாதத்தில் யார் சொன்னது பலித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் அப்புறம் யாரும் பப் பக்கம் வர முடியாது.

ஒரே ஒருவர் சொல்வதை மட்டும் ஊர் மறக்காது. அவர் என் நெவ் மாமா. அம்மாவின் தம்பி, பஸ் டிரைவர். நெவ் மாமா வாயிலிருந்து வந்த எதுவும் இதுவரை நடந்ததில்லை.

இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. அவர் கீழே போகும் என்று சொன்ன ஓர் அணி அந்த வருஷம் கோப்பையைத் தூக்கியது. இவர்கள் விழவே மாட்டார்கள் என்று அவர் அடித்துச் சொன்ன இன்னோர் அணியின் மைதானத்தில் இப்போது சோபா விற்கிறார்கள். நான் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறேன். ஒருவர் தொடர்ந்து தவறாகவே சொல்லிக்கொண்டிருப்பதற்குப் புள்ளியியலில் தற்செயல் என்று பெயர். ஹேல்டன்ஷாவில் அதற்குப் பெயர் பாதுகாப்பு.

ஆகவே ஒவ்வொரு ஆகஸ்டிலும் நெவ் மாமா எழுந்து நின்று எங்கள் அணியான ஹேல்டன்ஷா டவுனின் பெயரைச் சொல்ல வேண்டும். அவருக்கு அதில் சிரமமே இருந்ததில்லை. பிறவியிலேயே முகம் தொங்கியவர். பியர் குவளையைக் கீழே வைத்து, பெருமூச்சு விட்டு, "நாமதான். வேற யாரு?" என்பார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம் எழும். சீசன் தப்பித்தது.

ஒரே ஒரு வருஷம் தவறியது. அப்போது நாங்கள் மூன்றாவது டிவிஷனில் இருந்தோம். நெவ் மாமாவுக்கு பஸ் டிப்போவில் ஜனீன் என்ற பெண்ணோடு பழக்கமாகி, அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். டவுன் ஆறாவது இடம் வரும் என்று மனசார நம்பினார். ரசிகர் சங்கத் தலைவர் வின்ஸ், சிப்ஸ் கடைக்காரர், மாமாவுக்கு வரிசையாகப் பியர் வாங்கிக் கொடுத்து, "டவுன்னு சொல்லிடு, போதும்" என்று கெஞ்சிச் சொல்ல வைத்தார். மாமாவும் சொன்னார். அந்த வருஷம் நாங்கள் நான்காவது டிவிஷனுக்கு விழுந்தோம்.

அதிலிருந்து ஊர் ஒரு பாடம் கற்றது: மாமா வாயால் சொன்னால் போதாது, மனசால் சொல்ல வேண்டும். ஜனீன் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் போய்விட்டாள். "ஜனீன் என்னை விட்டுப் போகவே மாட்டா" என்பதும் நெவ் மாமா சொன்னதுதான்.

விழுந்ததும் கிளப் ஆட்களைக் குறைத்தது. டிக்கெட் கவுண்டரில் மூன்று பேர், சமையலறையில் இரண்டு பேர், சலவை அறையில் ஒருவர். சலவை அறையில் மொத்தமே இரண்டு பேர்தான்: என் அம்மா மேக்சினும் டோரீனும். டோரீனுக்கு ஒரு கேக் வெட்டி வழியனுப்பினார்கள். சேர்மன் அம்மாவிடம் மரியாதையாகவே சொன்னார்: இன்னொரு தடவை விழுந்தால் லீக்கை விட்டே வெளியே, லீக்கிலிருந்து வரும் பணம் நின்றுவிடும், ஆட்டக்காரர்கள் அவரவர் ஜெர்சியை அவரவர் வீட்டில் துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. வேறு வேலை தெரியாது என்றில்லை. ஹேல்டன்ஷாவில் வேறு வேலை இல்லை.

இந்தக் கோடையில் நான் விடுமுறைக்கு வந்தபோது நிலைமை இதுதான்: கோல் போடுகிறவனை விற்றாகிவிட்டது. பயிற்சியாளர் பன்னிரண்டு மாதத்தில் நான்காவது ஆள். கோல்கீப்பர் வீட்டில் ஃபிரிட்ஜை நகர்த்தப் போய்த் தோள்மூட்டை விலக்கிக்கொண்டான். பந்தயக் கடைகளில் விழப்போகும் அணிகளில் எங்கள் பெயர்தான் முதலில் இருந்தது. ஊரில் ஒருவர் முகத்திலும் கவலை இல்லை.

"நெவ் இருக்கான்ல," என்றார் வின்ஸ், மீனை எண்ணெயில் விட்டபடி.

திங்கட்கிழமை அம்மா இறைச்சிப் பலகாரம் ஒன்றைச் சுட்டுக் கொடுத்து மாமா வீட்டுக்கு அனுப்பினாள். மாவுக்கூட்டுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும். தனியாக இருக்கிறவன் சமைத்துச் சாப்பிட மாட்டான் என்று ஒவ்வொரு திங்களும் கொடுத்தனுப்புவது. மாமா வீடு மைதானத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. கதவைத் தட்டப் போனவன் நின்றேன். உள்ளே யாரோ சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடா ரீஸ், வா வா!" ஜன்னல் திரைகளெல்லாம் திறந்திருந்தன. மாமா ஷேவ் செய்திருந்தார். "சனிக்கிழமை பிராக்டிஸ் மேட்ச் பாத்தியா நீ?"

"இல்ல மாமா. எப்படி இருந்துச்சு?" நல்லா இல்லை என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"அந்தப் புதுப் பையன் இருக்கான் பாரு, டாயோ. இடது பக்கம். பெரிய கிளப்புலேர்ந்து ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கியிருக்காங்க. காலா அது? பந்தை வாங்குறான், ஒருத்தன் வர்றான், இவன் அங்கயே இல்ல. என் வாழ்க்கையில இப்படி ஒருத்தன நம்ம சட்டையில பாத்ததில்லடா."

"ஒருத்தன வெச்சு என்ன மாமா பண்றது?"

"ஒருத்தன் போதும்டா! நான் சொல்றேன் கேட்டுக்க, இந்த வருஷம் ஏழாவது இடம். பிளே-ஆஃப் போறோம், அதுல ஜெயிச்சா மேல் டிவிஷன்."

பலகாரத்தை மேஜையில் வைத்தேன். என் கை நழுவியதில் ஓரம் உடைந்தது. மாமா அதைக் கவனிக்கவே இல்லை. ஏழாவது இடம் என்று இன்னொரு தடவை சொன்னார். ஜனீன் போனபிறகு அவர் முகத்தில் பல்லைப் பார்த்தது அன்றுதான்.

நேராக வின்ஸ் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "அஞ்சு நிமிஷம்" என்றார். முப்பது வருஷமாக அந்தக் கடையில் யாரையும் காக்கவைக்காத மனுஷர். என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏழாவதுன்னா சொன்னான்?"

"ரெண்டு தடவ சொன்னாரு."

"கடவுளே." உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தார். "சந்தோஷமா இருந்தானா?"

"சீட்டி அடிச்சாருண்ணே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமைக்குள்ள அவன் மனச மாத்தணும்டா. வாயால சொல்ல வெச்சு ஒரு தடவ பட்டாச்சு."

"அண்ணே, இதெல்லாம் தற்செயல்தானே? ஒருத்தர் நம்புறதுக்கும் பந்து உள்ள போறதுக்கும்…"

"சரி. தற்செயல்தான். நான் முட்டாள், ஊரே முட்டாள். நீ காலேஜ்ல படிச்சவன். உங்கம்மா வேலைய வெச்சுப் பரீட்சை பண்ணிப் பாக்குறியா?"

இதற்குப் புள்ளியியலில் பதில் உண்டு. எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணில் வந்தது சலவை அறையில் இப்போது ஒன்றே ஒன்றாக இருக்கிற அம்மாவின் நாற்காலி.

புதன்கிழமை மாலை மாமா வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். நான் ஆரம்பித்தேன். கோல் போட ஆள் இல்லை. தடுக்க ஆள் இல்லை. கோல்கீப்பருக்குத் தோள் இல்லை. மாமா ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் வைத்திருந்தார்.

"டாயோ இருக்கான்ல."

"ஜனவரியில அவனத் திருப்பிக் கூப்ட்டுக்குவாங்க மாமா. நல்லா ஆடினா கண்டிப்பா கூப்ட்டுக்குவாங்க."

"போக மாட்டான். அவனுக்கு இங்க புடிச்சிருக்குடா. மேட்ச் முடிஞ்சு என்னப் பாத்துக் கை ஆட்டினான்."

"எல்லாரையும் பாத்துத்தான் ஆட்டினான்."

"என்னத்தான் பாத்தான். போக மாட்டான்."

"ஜனீன் விஷயத்துலயும் இப்படித்தானே சொன்னீங்க?"

மாமா டீக்கோப்பையை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு குடிக்காமல் கீழே வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாமா எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். முதலில் ஒன்றை, அப்புறம் இன்னொன்றை.

"நீ சொல்றது சரிதான்டா," என்றார். "எனக்கு ஆளத் தெரியாது."

வியாழக்கிழமை வீவர்ஸில் மூச்சுவிட இடமில்லை. மற்றவர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நெவ் மாமா எழுந்தார். பெருமூச்சு விடவில்லை, குவளையைக் கையில் எடுக்கவே இல்லை. "நாமதான்," என்றார். "அடிமட்டமா, கடைசி இடத்துல. கிறிஸ்துமஸுக்குள்ள முடிஞ்சுடும்." அவர் குரலில் இருந்ததைக் கேட்டு முன்வரிசையில் ஓர் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனந்தக் கண்ணீர். வின்ஸ் ஓடிவந்து மாமாவின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தார். மேஜை மேலே ஏறி ஆடினார்கள். அந்தக் கூத்தின் நடுவில் மாமா தன் சீசன் டிக்கெட்டை என் சட்டைப்பையில் திணித்தார்.

"நீ போய்ப் பாரு. எனக்கு மனசு வரல."

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் மூன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் ஜெயித்தோம். டாயோ இடது பக்கம் ஓடுவதைப் பார்த்து எதிரணி ரசிகர்களே கைதட்டினார்கள். செப்டம்பர் முடியும்போது டவுன் நான்காவது இடத்தில் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை பயிற்சியாளரைப் பாராட்டி எழுதியது. ஊர் பாராட்டியது வேறு ஆளை.

மாமா ஓட்டும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள். "இப்படியே இரு நெவ்! நல்லா இருக்க!" நல்லா இருப்பது என்றால் ஷேவ் செய்யாத முகம், மடிப்புக் கலைந்த சட்டை. ஒருநாள் மைதானம் நிறுத்தத்தில் நிற்காமலே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இறங்க வேண்டிய ஆட்கள் ஒரு மைல் திரும்பி நடந்தார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை. இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.

என் கல்லூரியிலிருந்து ரயிலில் வந்துபோகிற தூரம்தான். அதனால் வின்ஸ் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார். பாதி சீசனில் நம்பிக்கை வந்தாலும் ஆபத்துதான் என்பது அவருடைய கணிப்பு. ஊரில் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் நான் மாமாவோடு இருந்து அவர் தேறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிப்ஸ் இலவசம்.

அப்படி ஒரு சனிக்கிழமை. சிப்ஸும் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. டிவி அணைந்திருந்தது. நான் காயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்: யாருக்கு முழங்கால், யாருக்குத் தொடை. அப்போது மைதானத்திலிருந்து ஒரு பெரிய இரைச்சல் கிளம்பி, தெருவைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. மாமா தலையைத் தூக்கினார்.

"நம்மளுதா?"

"இல்ல மாமா. அவங்களோடது."

வந்திருந்த எதிரணி ரசிகர்கள் இருநூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். மாமா அந்த வீட்டில் பிறந்தவர். எங்கள் கூட்டம் கத்துவதையும் வந்தவர்கள் கத்துவதையும் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்வார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"சரி," என்றார். "சிப்ஸ் ஆறுது பாரு. சாப்புடு."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா வேலை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"வின்ஸ் இன்னைக்கு எனக்குக் கை குடுத்தான்," என்றாள். "உன் பையன் அருமையா வேலை பாக்குறான், நெவ் தலையே தூக்கலன்னான். என்ன வேலைடா பாக்குற நீ?"

சொன்னேன். எல்லாவற்றையும்தான். ஜனீன் பெயரைச் சொன்னதை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், அம்மா விடவில்லை. "அவன் அவ்வளவு சுலபமா மனசு மாற மாட்டானே. என்ன சொன்ன?" என்று கேட்டுக்கேட்டு அதையும் வாங்கிவிட்டாள்.

"நாலாவது இடத்துல இருக்கோம்மா," என்றேன். "வேலை தப்பிச்சிருச்சு."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நெனைக்கிறியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"இருந்துட்டா?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் சோப்பு வாசனை அடித்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"எனக்கு மட்டும் பயமில்லன்னா நெனைக்கிற?" என்றாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மெஷினப் போட்டுட்டு உள்ள உக்காந்து சத்தத்தத்தான் கேட்டுட்டு இருக்கேன். நம்மளுதா, அவங்களுதான்னு. எனக்கும் இருக்கு. அதுக்காக என் தம்பி வாயில இருக்குறதப் புடுங்கித் தின்னுவேனாடா?"

"நீ திங்கல. ஊரு…"

"ஊரு இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை அவன நான் கூட்டிட்டுப் போறேன். நீயும் வர்ற."

"வின்ஸ் அண்ணன் கொன்னுடுவாரு."

"வரட்டும். அவனையும் சேத்துத் துவைச்சுடறேன்."

மாமா வர மறுத்தார். அம்மா அவரிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது; கதவுக்கு வெளியே என்னை நிற்க வைத்துவிட்டுப் போனாள். ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மாமா கழுத்தில் மஃப்ளர் இருந்தது. ஷேவ் செய்யும்போது தாடையில் வெட்டிக்கொண்டிருந்தார்.

மேற்கு ஸ்டாண்டில் நாங்கள் படியேறியபோது பேச்சு வரிசை வரிசையாக அடங்கியது. வின்ஸ் எழுந்து நின்றுவிட்டார். கையில் பாதிப் பலகாரம், வாயில் மீதிப் பாதி.

"யாரு இவன இங்க கூட்டிட்டு வந்தது?"

"நான்தான்," என்றாள் அம்மா.

"மேக்சின், உனக்குப் புரியுதா? உன் வேலதானே…"

"என் வேலதான். அத நான் பாத்துக்கறேன். கொஞ்சம் நகரு, உக்காரணும்."

வின்ஸ் நகர்ந்தார். மாமா நடுவில், அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆட்டம் தொடங்கியது. கடைசி இடத்தில் இருந்த அணியோடு ஆட்டம். இருபது நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. மாமா கையை மடியில் வைத்து, மருத்துவர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் டாயோவுக்குப் பந்து வந்தது. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், கோட்டோரமாகப் போய் உள்ளே தள்ளினான். கோல்.

மைதானத்தின் மூன்று பக்கமும் எழுந்து கத்தியது. எங்கள் ஸ்டாண்டில் பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லை. கழுத்தைத் திருப்பி மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையில் கத்தியவள் அம்மா ஒருத்திதான்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நல்லா ஆடுறாங்க, இல்லடா?"

முன்வரிசை, பின்வரிசை எல்லாம் என் வாயைப் பார்த்தது. வின்ஸ் தலையை இடமும் வலமும் ஆட்டினார், சின்னதாக, கெஞ்சுகிற மாதிரி. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள்.

"ஆமா மாமா," என்றேன். "ரொம்ப நல்லா ஆடுறாங்க."

பின்னால் யாரோ முனகினார்கள். மாமாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். இடுப்பில் கை வைத்து, மைதானம் முழுவதையும் தான்தான் விலைக்கு வாங்கியதுபோல ஒரு பார்வை பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"அக்கா," என்றார், "இன்னும் முப்பத்தி நாலு ஆட்டம் இருக்கு!"

"ஆமாடா," என்றாள் அம்மா. "இருக்கு."